வெந்நீர்க் கலத்தின் கோளாறுகள்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டையில், கார்த்திகை பிறந்து விடியற்காலைப் பனி உறைக்கத் தொடங்கியதும், மாசிக்குப் பிறகு எவரும் தொடாமல் குளியலறைச் சுவரில் கிடந்த மின்சார ஹீட்டரின் ஞாபகம் பல வீடுகளில் ஒரே வாரத்தில் எழுகிறது. சுவிட்சைப் போட்டு அரைமணி கழித்துக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரே வருகிறது. அல்லது போட்ட மாத்திரத்தில் வீடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போகிறது. ஹீட்டர் கெட்டுவிட்டது என்று பழியை அதன்மேல் போடுவது சுலபம். ஆனால் பெரும்பாலான சமயங்களில் நோயின் காரணம் நீரிலோ, மின்சாரத்திலோ, எட்டு ஒன்பது மாதச் சோம்பலிலோதான் இருக்கிறது.

ஐரோப்பியர் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் கேரவன் என்னும் நடமாடும் வீட்டிலும் இதே விஷயத்தைக் காணலாம். அங்கே பனிக்காலம் முழுவதும் வண்டி சும்மா நிற்க, கலத்தினுள் தங்கிய நீர் உறைந்து அதைப் பிளந்துவிடுவதும், வசந்தம் வந்ததும் நீர் நிரம்புமுன்பே அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டுக் காயிலைக் கருக்கிவிடுவதும் சகஜம். நமக்கு உறைபனி இல்லை. எனினும் நீரில்லாக் கலத்தைச் சூடாக்கும் அபாயம் நமக்கும் பொதுவானதே. மேல்தொட்டி காலியாக இருந்த நாளில் கலமும் காலியாகியிருக்கக்கூடும். ஆகையால் வெந்நீர்க் குழாயில் நீர் தாரையாக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே சுவிட்சில் கை வைக்கவேண்டும்.

கலத்தின் ஜீவன் காயிலில் இருக்கிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிச்சுருளை ஓர் உலோகக் குழாயினுள் வைத்து, அது குழாயைத் தொடாதபடி இடைவெளி எங்கும் மக்னீசியம் ஆக்ஸைடு என்னும் வெண்பொடியை இறுக அடைத்திருக்கிறார்கள். உஷ்ணத்தை வெளியே விட்டு மின்சாரத்தை உள்ளேயே நிறுத்தும் இந்தப் பொடியின் பெரிய குறை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதுதான். மாதக்கணக்கில் சூடேறாமல் கிடந்த காயிலின் முனைகள் வழியே ஈரம் புகுந்தால், மின்சாரம் சிறிது சிறிதாகக் குழாய்க்குக் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும்படி அமைத்த பாதுகாப்புக் கருவி உடனே விழுந்துவிடுகிறது. எலெக்ட்ரீஷியன் மெக்கர் கொண்டு சோதித்தால் இது வெளிப்படும். காயிலைக் கழற்றி நன்றாக உலர்த்தினால் சில சமயம் தேறும். குழாய் வெடித்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மின்சாரத்தைக் கட்டிவைக்கும் வித்தை இந்த வட்டாரத்திற்கு அந்நியமானதன்று. விருத்தாசலத்துச் செராமிக் சூளைகளிலிருந்து ஃபியூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் வெளியூர்களுக்குச் சென்றிருக்கின்றன. அண்டையிலுள்ள நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் உற்பத்தியாகிறது. மின்சாரமும் அதற்கு வேலியாகும் பீங்கானும் பக்கத்துப் பக்கத்தில் பிறக்கும் பூமியில், எர்த் கம்பியே இல்லாத குளியலறைகளில் ஹீட்டர் மாட்டப்படுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கலத்தினுள் காயில் நலமாக இருக்கிறதா என்று அறிவது கடினமன்று. 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் காயில், மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்து, அதன் கம்பிகளையும் விடுவித்து மல்டிமீட்டரால் அளந்தால், ஏறக்குறைய 26 ஓம் காட்டும். முடிவில்லாத் தடை காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. காயில் சரியாயிருந்தும் சூடேறாவிட்டால் தெர்மோஸ்டாட்டையோ, அதற்குக் காவலாக வைத்த கட்-அவுட்டையோ பார்க்கவேண்டும். சூடேறத்தான் செய்கிறது, தாமதமாகிறது என்றால் வோல்ட்டேஜைச் சந்தேகிக்கலாம்: 180 வோல்ட்டாகக் குறைந்த நேரத்தில் அதே காயில் 1225 வாட்தான் தரும், பதினெட்டு நிமிஷத்தில் காயவேண்டிய 15 லிட்டர் நீருக்கு அரைமணி பிடிக்கும். அதற்காகக் காயிலை மாற்றுவது வீண் செலவு.

எல்லாவற்றிலும் பெரிய சத்துரு போர் தண்ணீரின் உப்பே. நீர் சூடேறும்போது அதில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் பிரிந்து, சுண்ணாம்பாகக் காயிலின்மேல் ஓடு கட்டுகிறது. உஷ்ணம் அந்த ஓட்டைத் தாண்டி நீருக்குச் செல்ல முடியாமல் காயிலிலேயே தேங்க, கம்பி நாளடைவில் வெந்து அறுகிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீரில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாமென்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. மேல் எல்லையை நெருங்கும் நீர் ஏறும் வீட்டில் ஆண்டுக்கொரு முறை கலத்தை வடித்து, ஓட்டைக் கரைத்து, தேய்ந்திருக்கும் மக்னீசியத் தண்டையும் மாற்றுவது அவசியம். கலத்தின் உட்சுவர் துருப்பிடிக்காமல் தன்னையே அரித்துக்கொள்ளும் அந்தத் தண்டைப் பற்றி விற்பவர்களும் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

அடிக்கடி விழுகிறது என்பதற்காகக் கட்-அவுட்டைக் கம்பியால் இணைத்துவிடுவதும், கசிவுத் துண்டிப்பானை விலக்கி நேர்க் கம்பி கொடுப்பதும் பழுது பார்ப்பதல்ல, உயிருக்கு உலை வைப்பது. அப்படிச் செய்துதர ஒருவர் முன்வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஐப்பசியிலேயே எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தையும் காயிலையும் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை விறகடுப்பு வெந்நீரே போதும்.