பாரன் தீவின் நெருப்பு

2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது, அப்போதைய போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மேட்டுக்கு ஓடியவர்களில் நாங்களும் உண்டு. அந்த நடுக்கம் தீருமுன், 2005 மே மாதம், பாரன் தீவு எரிமலை சீறுகிறது என்றார்கள். "ஊருக்கே போய்விடலாம்" என்று என் மனைவி பெட்டி கட்டத் தொடங்கினாள். நான் வரைபடத்தை விரித்தேன்.

எங்களூருக்கு வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தொலைவு. குறுக்களவு 3 கி.மீ.தான். ஆனால் கடலடியிலிருந்து 2 கி.மீ.க்கும் மேல் எழும்பிய மலையின் தலை மட்டுமே வெளியே தெரிவது. இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழே செருகுவதால் உண்டானது. மேற்கே அதன் சுற்றுமதில் உடைந்திருக்கிறது. தீக்குழம்பு அவ்வழியே கடலில் இறங்கும். 1787-இல் சீறியதுதான் முதல் பதிவு. பின்னர் நெடுங்காலம் உறங்கி, 1991-இல் விழித்தது.

"அந்த வருஷமும் இங்கேதான் இருந்தோம், ஒன்றும் ஆகலை தாயி" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பெட்டியை அவிழ்க்க வைத்தது அவர் சொல்தான், என் வரைபடமல்ல!

பின்னொரு விடுமுறையில் கப்பலில் போய்ச் சுற்றி வந்தோம். இறங்க அனுமதியில்லை. கரிய சரிவு, உச்சியில் மெல்லிய புகை. மனிதர் வாழாத அங்கே காட்டு ஆடுகள் உண்டு என்றதும் குழந்தைகள் தேடத் தொடங்கினார்கள். மனைவி மட்டும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்த்தபடியே வந்தாள்.