மருத்துவர் எழுதும் சீட்டும் மருந்துக் கடையின் முதலும்

மளிகைக் கடையில் எந்தச் சோப்பு வேண்டும் என்பதை வாங்க வருபவரே சொல்கிறார். மருந்துக் கடையில் அப்படியில்லை. சரக்கைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். பணம் கொடுப்பவர் நோயாளி. முதல் போட்டுவிட்டு நடுவில் நிற்பவர் வணிகர்.

பான்டோபிரசோல் மாத்திரையைப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் விற்கின்றன. மருந்து ஒன்றுதான், விலைதான் வேறு. ஆனால் மருந்துச் சீட்டின் பேரில் மட்டுமே விற்கத்தக்க 'எச்' அட்டவணை மருந்துகளில், எழுதிய பெயருக்குப் பதில் வேறொன்றை நாமாகக் கொடுக்க 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி இடம் தரவில்லை. ஆகவே, பக்கத்து மருத்துவர் எதை எழுதுகிறாரோ அதுவே நம் அலமாரியில் இருந்தாக வேண்டும். அவர் நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால், பழைய சரக்கு காலாவதித் தேதியை நோக்கிக் காத்துக் கிடக்கும்.

விலை கூடினால் கடைக்காரருக்கு லாபம்தானே என்பர் சிலர். விலைக் கட்டுப்பாட்டு மருந்துகளில் சில்லறை வணிகரின் பங்கு 16 சதவீதம். கொள்முதல் 20 ரூபாயானால் 3 ரூபாய் 20 காசு. 100 ரூபாயானால் 16 ரூபாய். ஏட்டுக் கணக்கு இது. நடப்பு வேறு. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதம் முழுவதும் மாத்திரை வாங்க வேண்டியவர், விலையைக் கேட்டதும் பத்து நாளைக்கு மட்டும் வாங்கிச் செல்கிறார். நோயும் கட்டுப்படுவதில்லை, வியாபாரமும் நிலைப்பதில்லை. 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களையும் 2025இல் தமிழகத்தில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களையும் அவர் நாடுவதில் வியப்பில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. இதனால் 100 ரூபாய் மருந்தில் குறைவது சுமார் 6 ரூபாய். சீட்டில் ஒரு பெயர் மாறினால் குறைவது அதைவிடப் பல மடங்காக இருக்கக்கூடும்.

மருந்தின் மூலப்பெயரை எழுத வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறையிலேயே உள்ளது. அதைக் கட்டாயமாக்கி 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதி, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. சட்டம் வரட்டும் என்று காத்திராமல் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவர் அதிகம் எழுதும் மருந்துகளையும், அதே மருந்து குறைந்த விலையில் நல்ல நிறுவனங்களிலிருந்து கிடைப்பதையும் பட்டியலிட்டு அவரிடம் கொடுங்கள். நோயாளி பாதியாக வாங்கிப் போவதையும் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். முடிவு அவருடையது, ஆனால் விலை விவரம் அவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். புதிய பெயர் வந்தால் சிறிதளவே வாங்குங்கள். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள மொத்த வணிகரிடம் முன்கூட்டியே எழுத்தில் உறுதி பெறுங்கள்.

முழு மாதத்துக்கும் மருந்து வாங்க முடிகிற நோயாளியே நமக்கு நிலையான வாடிக்கையாளர்.