டோ பிளேக்

ஹெக்டர் "டோ" பிளேக் (ஆகஸ்ட் 21, 1912 – மே 17, 1995) கனடாவைச் சேர்ந்த தொழில்முறை பனி வளைதடியாட்ட (ஐஸ் ஹாக்கி) வீரரும் பயிற்றுநரும் ஆவார். ஸ்டான்லி கோப்பையை வீரராக 3 முறையும், மொண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் பயிற்றுநராக 8 முறையும் வென்றவர்.

ஆட்ட வாழ்வு

இவர் ஒன்டாரியோ மாகாணத்தின் விக்டோரியா மைன்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தங்கை "ஹெக்டர்" என்பதை மழலையில் "ஹெக்டோ" என்று அழைத்ததால் "டோ" என்ற பெயர் நிலைத்தது. 1935இல் மொண்ட்ரியால் மரூன்ஸ் அணியில் இருந்தபோது முதல் கோப்பையைப் பெற்றார். 1936இல் கனேடியன்ஸ் அணிக்கு மாறினார். 1938–39 பருவத்தில் 47 புள்ளிகளுடன் தேசிய ஹாக்கி லீகில் முதலிடம் பெற்று, சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதையும் வென்றார். பின்னர் அணித்தலைவரானார். மொரீஸ் ரிச்சர்ட், எல்மர் லாக் ஆகியோருடன் இவர் ஆடிய முன்வரிசை 1944, 1946 ஆண்டுகளில் கோப்பையை வெல்லத் துணைநின்றது. 1948 ஜனவரியில் கால் முறிந்ததால் இவரது ஆட்ட வாழ்வு முடிவுற்றது. அதன்பின் சிறு லீக் அணிகளுக்குப் பயிற்சியளித்தார்.

பயிற்றுநர் பொறுப்பு

1955 மார்ச்சில், நடுவர் ஒருவரைத் தாக்கியதற்காக ரிச்சர்ட் அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டார். இதனால் மார்ச் 17 அன்று மொண்ட்ரியாலில் பெருங்கலவரம் மூண்டது. இச்சூழலில்தான் பிளேக் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். இவர் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர். எளிதில் சினம் கொள்ளும் ரிச்சர்டுடன் பல ஆண்டுகள் தோளோடு தோள் நின்று ஆடியவர். அவரை அடக்கியாளத் தகுந்தவர் இவரே என நிருவாகம் கருதியது. அக்கணிப்பு பொய்க்கவில்லை. 1956 முதல் 1960 வரை கனேடியன்ஸ் தொடர்ந்து ஐந்து முறை கோப்பையை வென்றது. ஐந்தாம் வெற்றிக்குப் பின் ரிச்சர்ட் ஓய்வு பெற்றார்.

முகமூடி விவகாரம்

அக்காலத்தில் கோல் காவலர்கள் முகமூடி அணிவதில்லை. கனேடியன்ஸ் கோல் காவலர் ஜாக் பிளான்ட் அதனைப் பயிற்சியின்போது அணிந்துவந்தார். ஆட்டத்தில் அணிய பிளேக் இசையவில்லை. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் வட்டு தாக்கிப் பிளான்டின் முகம் கிழிந்தது. தையலிட்ட பின், முகமூடியின்றிக் களமிறங்க அவர் மறுத்துவிட்டார். அணியில் மாற்றுக் காவலர் இல்லாததால் பிளேக் இணங்க நேர்ந்தது. தொடர்ந்து பல ஆட்டங்களில் அணி தோல்வியே காணவில்லை. 1960 மார்ச்சில் பிளேக்கின் வேண்டுகோளின்படி பிளான்ட் முகமூடியைக் கழற்றிவிட்டு ஆடினார். அந்த ஆட்டத்தில் டெட்ராயிட் அணி 3–0 என வென்றது. அடுத்த ஆட்டத்தில் முகமூடி திரும்பியது. நாளடைவில் அனைத்துக் கோல் காவலர்களுக்கும் அது வழக்கமாயிற்று.

பிற்காலம்

1965, 1966, 1968 ஆண்டுகளிலும் கோப்பையை வென்ற பிளேக், 1968இல் ஓய்வு பெற்றார். 13 பருவங்களில் முதன்மைச் சுற்று ஆட்டங்களில் மட்டும் 500 வெற்றிகளை ஈட்டியிருந்தார். 1966இல் வீரர் என்ற முறையில் ஹாக்கி புகழவையில் சேர்க்கப்பட்டார். பயிற்றுநராக இவர் பெற்ற 8 கோப்பைகள் என்ற சாதனையை 2002இல் ஸ்காட்டி பவ்மன் 9ஆம் கோப்பையுடன் முறியடித்தார். இறுதி ஆண்டுகளில் ஆல்சைமர் நோயுற்றிருந்த பிளேக், 1995இல் காலமானார்.