மலையும் மரமும் மனித உருவமும்

சென்னையிலிருந்து சேலம் மார்க்கமாகப் பிரயாணம் செய்கிறவர்கள் மொரப்பூரைத் தாண்டியதும் பொம்மிடி ஸ்டேஷனை அடைகிறார்கள். வண்டி அங்கே நிற்கும் நேரம் மிகச் சொற்பம். அந்தச் சொற்ப நேரத்துக்குள் தெற்கே திரும்பிச் சேர்வராயன் மலையைப் பார்க்கிறவர்கள் பாக்கியசாலிகள். விடியற்காலையில் நீலம், உச்சிவேளையில் பழுப்பு, மழை பெய்து ஓய்ந்த மாலையில் கண்ணைக் குளிர்விக்கும் பச்சை என்று வேளைக்கு ஒரு வேஷம் பூணும் மலை அது. இக்காலத்துப் பிரயாணிகள் சும்மா இருப்பார்களா? கைப்பேசியை ஜன்னலண்டை நீட்டி ஒரு படம் பிடிக்கிறார்கள். பிடித்த மறுகணமே தலையைக் குனிந்து கொள்கிறார்கள். மலையைப் படம் பிடித்தாகிவிட்டது. பார்த்தார்களா என்பதுதான் சந்தேகம்.

புகைப்படம் என்பது யந்திரத்தின் வேலையா, கலைஞனின் வேலையா என்ற விவாதம் வெகு காலமாக நடந்து வருகிறது. இந்த விவாதத்துக்குப் பதில் தேட நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. பொம்மிடி அடங்கிய பழைய சேலம் ஜில்லாவிலேயே அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ராயக்கோட்டை மலையின் மேல்

1965-ம் வருஷம் வரையில் தருமபுரிப் பிரதேசம் முழுவதும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் வடகோடியில், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ராயக்கோட்டைக்கு 1857-ம் வருஷக் கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் பெயர் காப்டன் லின்னேயஸ் டிரைப். கும்பெனியின் சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்தவர்; சென்னை ஸர்க்காரின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்டவர். செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியின் பெயரையே இவரும் தாங்கியிருந்தார்.

வடக்கே சுதந்திரப் போர் மூண்டிருந்த அதே வருஷத்தில், இவர் மாட்டு வண்டிகளில் தம் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றினார். எடுத்த படங்கள் 1858-ல் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய தொகுதி. மலையுச்சியிலிருந்து கீழே பரந்து கிடக்கும் பூமியை நோக்கி எடுத்த காட்சியும் அதில் உண்டு.

அந்நாளில் ஒரு படம் எடுப்பதற்கு எத்தனை பாடு என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிலிம் சுருள் கிடையாது. பெரிய காகிதத்தில் மெழுகேற்றி, ரஸாயனத்தில் தோய்த்து, வெள்ளி உப்பு ஏற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெளிச்சம் அதன் மேல் நிமிஷக் கணக்கில் விழ வேண்டும். இவ்வளவு செய்தும் ஒரு சங்கடம் நேர்ந்தது. அக்கால வெள்ளி உப்புக்கு நீல ஒளியே நன்றாகத் தெரியும். பச்சை ஏறக்குறையத் தெரியாது. ஆகவே மேகம் தவழும் வானம் படத்தில் வெறும் வெள்ளையாக விழும். மரமோ இலை இலையாகத் தெரியாமல் கறுப்புத் திட்டாகிவிடும். காற்று அடித்தால் அந்தத் திட்டும் கலங்கிப் போகும்.

டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேல் வர்ணம் பூசிய இடம் பிரதியில் வெளுப்பாக விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். தூரிகையை எடுத்து, வானத்தில் மேகங்களைத் தீட்டினார். மரங்களில் இலைகளுக்கு ஒளியேற்றினார். யந்திரம் காணத் தவறியதைத் தம் கண் கண்டபடி கையினால் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சித்திரமாக்கியவரும் இவரே. இத்தகைய பொறுமையை யந்திர வேலை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஸர்க்காருக்கு இந்தப் பொறுமை பிடிக்கவில்லை. 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன் செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் இவருடைய வேலையை நிறுத்தச் சொன்னார். அடுத்த வருஷத்துக்குள் அந்த இலாகாவே மூடப்பட்டுவிட்டது.

மனிதன் எங்கே?

டிரைப்பின் படங்களில் கோட்டை உண்டு, கோபுரம் உண்டு, மரம் உண்டு. மனிதர்கள் மட்டும் மிக அபூர்வம். நிமிஷக்கணக்கில் அசையாமல் நிற்க மனிதனால் ஆகாது என்பது ஒரு காரணம். பழைய கட்டடங்களைப் பதிவு செய்வதே அவருக்கு இடப்பட்ட வேலை என்பது மற்றொரு காரணம். மனித உருவத்தை அவர் நெருங்கிப் பார்த்தது கல்லில்தான். சென்னையில் வைக்கப்பட்டிருந்த அமராவதிச் சிற்பங்களை 1858-ல் அவர் படம் எடுத்தார். அவற்றில் பெரும்பகுதி அடுத்த வருஷமே கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது.

உயிருள்ள மனிதனைப் படம் பிடிக்கப் பிறகு வேறு சிலர் வந்தார்கள். 1885 முதல் 1908 வரையில் சென்னை மியூஸியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களில் முக்கியமானவர். ஜனங்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர் இவர். கே. ரங்காச்சாரியின் உதவியுடன், தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு பெரிய புத்தகங்களை 1909-ல் வெளியிட்டார். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களும் அப்புத்தகங்களில் இடம் பெற்றிருக்கிறார்கள். பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் பேசும் மலைக்குடிகள் இவர்கள்.

அப்புத்தகங்களால் நமக்கு விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. மறைந்துபோன வழக்கங்கள் பலவற்றை இன்று அவற்றிலிருந்தே அறிகிறோம். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனத்தில் ஏதோ உறுத்துகிறது. படத்தின் கீழே பெரும்பாலும் ஜாதியின் பெயர் இருக்கிறது. நிற்கும் மனிதனின் பெயர் இல்லை. பெட்டியில் ஊசி குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கிறாற் போன்ற பார்வை அது. அந்தப் பார்வைக்கு நுட்பம் இருந்தது, மரியாதை இருக்கவில்லை.

கொழும்பில் ஒரு சங்கீதக்காரர்

மனித உருவத்தை வேறு விதமாகப் பார்க்க முடியும் என்று காட்டியவரைக் காண நாம் கடல் தாண்டி இலங்கைக்குச் செல்ல வேண்டும். கொழும்பில் பறங்கியர் குடும்பம் ஒன்றில் 1900-ல் பிறந்தவர் லயனல் வெண்ட். லண்டனில் சட்டம் படித்தார்; பியானோ வாத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். ஊர் திரும்பிய பின் வக்கீல் தொழிலை விட்டுச் சங்கீதத்திலும் காமிராவிலும் மூழ்கினார். தென்னை மரம், இலை, கடற்கரை, செம்படவர், உழைப்பாளி ஆகிய இவையே அவருடைய விஷயங்கள். பாதி துலங்கிய படத்தின் மேல் ஒரு கணம் வெளிச்சம் பாய்ச்சினால், ஒளியும் நிழலும் இடம் மாறி, உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு பிறக்கும். அந்த வித்தையையும் அவர் நன்கு கையாண்டார்.

உழைத்து உரமேறிய தோளை அவர் படம் எடுத்தபோது அதை அளந்து பார்க்கவில்லை. இலையின் நரம்பில் எந்த அழகைக் கண்டாரோ அதையே மனிதன் முதுகில் ஓடும் தசையிலும் கண்டார். கோயில் தூணில் சிற்பி செதுக்கிய உருவத்தின் முன் நாம் நிற்கும்போது தோன்றும் அமைதி அந்தப் படங்களின் முன்னும் தோன்றுகிறது. 1944-ல் அவர் காலமானார். நெகட்டிவுகள் பிற்பாடு அழிக்கப்பட்டன. எஞ்சிய பிரதிகளே இன்று அவர் புகழைக் காத்து நிற்கின்றன.

வெண்டிடம் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் வசதி படைத்த குடும்பத்தவர்; படத்திலுள்ளோரில் பலர் ஏழைகள். அவர்களிலும் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. அந்த மிச்சக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு நம் தலைமுறையைச் சேர்ந்தது.

நம் கையில் உள்ள காமிரா

இன்று பொம்மிடிச் சந்தைக்கு வரும் வாலிபன் சட்டைப் பையில் இருக்கும் கருவி, டிரைப் மாட்டு வண்டிகளில் ஏற்றிச் சென்ற தளவாடங்களைவிடப் பல மடங்கு வல்லமை வாய்ந்தது. பச்சையும் அதற்குத் தெரியும், மேகமும் தெரியும். அதனிடம் இல்லாதது பொறுமை ஒன்றுதான். அதைக் கையில் வைத்திருப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

சாலையோரத்துப் புளியமரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கார்த்திகையில் ஒரு தடவையும் பங்குனியில் ஒரு தடவையும் படம் எடுத்துப் பாருங்கள். ஒரே மரத்துக்குள் எத்தனை மரங்கள் இருக்கின்றன என்பது தெரியும். கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கும் அம்மாளைப் படம் எடுக்க விரும்பினால், முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தை அச்சிட்டு ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். ஏழு பெரிய புத்தகங்கள் செய்யாத மரியாதையை அந்த ஒரு பிரதி செய்துவிடும்.

டிரைப்பின் படங்களை 2014, 2015-ம் வருஷங்களில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய கண்காட்சியாக வைத்து ஜனங்கள் பார்த்தார்கள். அவற்றில் பலவற்றை அந்நாட்டு மியூஸியங்கள் வலைத்தளத்திலும் வைத்திருக்கின்றன. ராயக்கோட்டை, தருமபுரி, பொம்மிடிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு நாள் அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். பிறகு பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, எதிரே நிற்கும் மலையை முதலில் கால் மணி நேரம் வெறுங்கண்ணால் பார்க்கச் சொல்லட்டும். படம் பிடிப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.