ஜெனரல் மோட்டார்ஸ்: எல்லாம் தெரிந்திருந்த நிறுவனம்

கூட்டம் நடக்கும். காரில் உள்ள ஒரு குறையைப் பற்றிப் பேசுவார்கள். சரிசெய்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு அவரவர் எழுந்து போய்விடுவார்கள். யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் உள்ளே இதற்கு ‘ஜிஎம் தலையாட்டல்’ என்றே பெயர். ‘ஜிஎம் சல்யூட்’ என்று இன்னொன்றும் உண்டு. கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, இரு பக்கமும் இருப்பவர்களை விரலால் சுட்டிக்காட்டுவது. பொறுப்பு என்னுடையது அல்ல, அவருடையது என்று அர்த்தம். போட்டி நிறுவனங்கள் கட்டிவிட்ட கேலி அல்ல இது. 2014-ல் ஜிஎம் தானே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸின் விசாரணை அறிக்கையில் பதிவாகியிருப்பது. அவரிடம் இதைச் சொன்னவர்கள் நிறுவனத்தில் வேலை செய்தவர்கள்.

அந்த விசாரணை ஒரு சிறு சுவிட்சைப் பற்றியது. செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயன் போன்ற கார்களில் சாவியைப் போட்டுத் திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்து கொஞ்சம் கனமாக இருந்தாலோ, வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பிவிடும். இன்ஜின் நின்றுபோகும். பவர் ஸ்டியரிங் இறுகும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, மோதினால் ஏர்பேக் விரியாது.

சுவிட்ச் தேவையான அளவு இறுக்கமாக இல்லை என்பது 2002-ல் அதற்கு ஒப்புதல் கொடுக்கும்போதே தெரிந்திருந்தது. வண்டி சாலைக்கு வந்த பிறகு புகார்களும் வந்தன. ஒரு டாலருக்குள் முடியக்கூடிய மாற்றம், செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று ஒதுக்கப்பட்டது. 2006-ல் சுவிட்ச் சத்தமில்லாமல் மாற்றப்பட்டது. ஆனால் உதிரிபாகத்தின் எண் மாற்றப்படவில்லை. பழைய கார்களில் வரும் கோளாறு புதிய கார்களில் ஏன் வரவில்லை என்று நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர்களே ஆண்டுக்கணக்கில் குழம்பினார்கள். 2014 பிப்ரவரியில்தான் வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 26 லட்சம் கார்கள். இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

ஜிஎம்மின் நூற்றாண்டுக் கதையைப் புரட்டினால், இந்தச் சுவிட்ச் தனி விபத்தாகத் தெரியவில்லை. அங்கே பெரிய தவறுகள் பெரும்பாலும் அறியாமையால் நடந்தவை அல்ல. கட்டடத்துக்குள் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தது மேலே போகாது. போனாலும் கணக்கு குறுக்கே நிற்கும்.

தொடங்கியவர் அப்படிப்பட்டவர் அல்ல. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் குதிரை வண்டி செய்து விற்றுப் பெரும் பணம் பார்த்த வில்லியம் டியூரன்ட், கணக்கே பார்க்காத சூதாட்டக்காரர். நொடித்துக் கிடந்த பியூக் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர், 1908 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸைப் பதிவுசெய்தார். ஓல்ட்ஸ்மொபில், கேடிலாக், ஓக்லாந்து என்று இரண்டே ஆண்டுகளில் வாங்கிக் குவித்தார். ஹென்றி ஃபோர்டின் நிறுவனத்தையும் கேட்டுப் பார்த்தார். 80 லட்சம் டாலர், அதுவும் ரொக்கமாக என்றார் ஃபோர்டு. கடன் கொடுக்க வங்கிகள் மறுத்துவிட்டன. 1910-ல் கடன் கழுத்தை நெரிக்க, வங்கிக்காரர்கள் டியூரன்ட்டை ஓரங்கட்டினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. லூயி செவர்லே என்ற பந்தய ஓட்டுநரோடு சேர்ந்து 1911-ல் செவர்லே நிறுவனத்தைத் தொடங்கி, அதன் பங்குகளைக் கொண்டே ஜிஎம்மை மீண்டும் கைப்பற்றினார். 1920-ல் திரும்பவும் வெளியேற்றப்பட்டார். கடைசிக் காலத்தில் அதே ஃபிளின்ட்டில் பௌலிங் விளையாட்டுக்கூடம் நடத்தினார்.

கணக்கு வந்தது ஆல்ஃபிரட் ஸ்லோனோடு. 1923-ல் தலைவரான இந்தப் பொறியாளர்தான் இன்று நாம் கார் வாங்கும் முறையையே வகுத்தவர் என்று சொன்னால் மிகையில்லை. ஃபோர்டு ஒரே மாடலை மலிவாக, மேலும் மலிவாகச் செய்துகொண்டிருந்தார். ஸ்லோன் ஏணி ஒன்றைச் சாத்தினார். கீழ்ப்படியில் செவர்லே, அப்புறம் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக், உச்சியில் கேடிலாக். சம்பளம் ஏற ஏற வாடிக்கையாளரும் படியேற வேண்டும். ஏணியை விட்டு மட்டும் இறங்கக் கூடாது. கையில் பணம் இல்லாதவருக்குத் தவணைக் கடன் கொடுக்க 1919-லேயே ஜிஎம் தனி நிதி நிறுவனம் வைத்திருந்தது. கூடவே ஆண்டுதோறும் புதுத் தோற்றம். 1927-ல் ஹார்லி ஏர்ல் தலைமையில் வடிவமைப்புக்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. நன்றாக ஓடுகிற கார் பழசாகத் தெரிய வேண்டும். தெருவில் இருப்பவர்கள் அதைக் கவனிக்கவும் வேண்டும். அதே 1927-ல், ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குப் பிறகு, ஃபோர்டின் மாடல் டி நின்றுபோனது. 1931-ல் உலகின் முதல் இடத்துக்கு வந்த ஜிஎம், 77 ஆண்டுகள் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

நிர்வாக முறையும் ஸ்லோன் தந்ததே. ஒவ்வொரு பிரிவும் தன்னிச்சையாக இயங்கும். பணம் மட்டும் தலைமையின் பிடியில். எல்லாவற்றுக்கும் குழுக்கள். இதை ஆராய்ந்துதான் பீட்டர் டிரக்கர் 1946-ல் நிர்வாகவியலின் அடிப்படை நூல்களில் ஒன்றை எழுதினார். எண்கள் மேலே போவதற்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு அன்று உலகில் இல்லை. கெட்ட செய்தி மேலே போவதற்கு வழி இருந்ததா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதல் பதில் பெட்ரோலில் இருக்கிறது. 1921-ல் ஜிஎம் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் இன்ஜின் ‘தட்டுவது’ நின்றுபோகிறது என்று கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்குப் புதிய செய்தி அல்ல. ஆல்கஹால் கலந்தாலும் தட்டுவது நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்; ஆனால் ஆல்கஹாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. புதிய பெட்ரோலை ‘எத்தில்’ என்ற பெயரில் விற்றார்கள். பெயரில் ஈயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 1924-ல் நியூஜெர்சி ஆலை ஒன்றில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் உலகம் முழுக்க ஈயப் பெட்ரோல்தான். இந்தியா 2000-ல்தான் அதிலிருந்து விடுபட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல். நியூயார்க்கின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை இன்றும் ஸ்லோன், கெட்டரிங் இருவரின் பெயரையும் சுமந்து நிற்கிறது. காரைக் கையால் சுழற்றிக் கிளப்பும் வேலையை ஒழித்து, 1912 கேடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தியவரும் இதே கெட்டரிங்தான். இந்த நிறுவனத்தை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது.

தொழிலாளர்களின் குரல் மேலே எட்டியதும் எந்திரங்கள் நின்ற பிறகுதான். 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட் ஆலைகளில் வேலை செய்தவர்கள் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளிருந்தவர்கள் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். 44 நாட்களுக்குப் பிறகு, 1937 பிப்ரவரி 11-ல் ஜிஎம் தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது. அமெரிக்காவில் ஆலைத் தொழிலாளி வீடும் காரும் வாங்கி நடுத்தர வர்க்கமாக வாழ்ந்த காலம் ஒன்று உண்டென்றால், அதன் கால்கோள் அங்கேதான்.

பிறகு உச்சம். 1955-ல் ஓராண்டில் 100 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்த முதல் அமெரிக்க நிறுவனம் ஆனது ஜிஎம். அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி அதனுடையது. அந்த உச்சியில் இருந்துகொண்டுதான் கொர்வேர் என்ற காரை விற்றார்கள். பின்புறம் இன்ஜின் வைத்த கார். திருப்பத்தில் வால் பக்கம் வழுக்கி ஓடும். அதைக் கட்டுப்படுத்தும் கம்பி ஒன்று வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். செலவைக் காட்டி விட்டுவிட்டார்கள். 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், கார் பாதுகாப்பு பற்றிய தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே கொர்வேருக்கு ஒதுக்கினார். நிறுவனம் கம்பியைப் பற்றி யோசிக்காமல் நேடரைப் பற்றி யோசித்தது. அவருடைய அந்தரங்க வாழ்க்கையைத் துருவத் துப்பறிவாளர்களை ஏவியது. விஷயம் வெளியே வந்ததும், 1966 மார்ச்சில் ஜிஎம் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கொர்வேர் அந்தக் காலத்துப் பிற கார்களைவிட மோசமில்லை என்று 1972-ல் அரசு ஆய்வு சொன்னது. அதற்குள் பேர் கெட்டாகிவிட்டது. கெடுத்தது காரைவிடத் துப்பறிவாளர்கள்தான்.

ஜப்பான் கார்கள் வந்து அடித்த அடியும், அதிலிருந்து ஜிஎம் கற்க மறுத்ததும் தனிப் புத்தகத்துக்கான விஷயம். ஒன்றை மட்டும் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜிஎம்முக்கு ஓர் ஆலை இருந்தது. குடி, வேலைக்கு வராமை, சண்டை என்று பெயர் கெட்டு 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தார்கள். பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். வித்தியாசம், தலைக்கு மேலே ஒரு கயிறு. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து, தேவைப்பட்டால் மொத்த வரிசையையும் நிறுத்தலாம். இழுத்தவரை யாரும் திட்டமாட்டார்கள். என்ன பிரச்சினை என்று மேற்பார்வையாளர் ஓடிவருவார். சில மாதங்களிலேயே அமெரிக்காவில் ஜிஎம் செய்த கார்களில் தரமானவை அங்கிருந்து வந்தன. கயிறு ரகசியமே இல்லை. ஜிஎம் மேலாளர்கள் வந்து பார்த்தார்கள், குறிப்பெடுத்தார்கள். தம் ஆலைகளுக்குத் திரும்பியதும் பெரும்பாலும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். 2010-ல் மூடப்பட்ட அந்த ஆலையில்தான் இன்று டெஸ்லா கார்கள் தயாராகின்றன. கொடுமை என்னவென்றால், இந்தத் தலைமுறையின் மின்சாரக் காரை முதலில் சாலையில் ஓடவிட்டதும் ஜிஎம்தான். 1996 முதல் 1999 வரை 1,117 ‘இவி1’ கார்களைச் செய்து குத்தகைக்குக் கொடுத்தது. பிறகு திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப்போட்டது.

2009 ஜூன் 1 அன்று ஜிஎம் திவால் மனு கொடுத்தது. கடன் 17,200 கோடி டாலருக்கு மேல். சொத்து அதில் பாதிகூட இல்லை. ஓய்வூதியச் சுமை, பெட்ரோல் குடிக்கும் பெரிய வண்டிகளையே நம்பியது, 2008 நிதி நெருக்கடி எல்லாம் காரணம். அமெரிக்க அரசு சுமார் 4,950 கோடி டாலர் போட்டுக் காப்பாற்றியது. 2013-ல் கடைசிப் பங்கை விற்றபோது மக்களின் வரிப்பணத்தில் 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஸ்லோனின் ஏணியில் ஓல்ட்ஸ்மொபில் ஏற்கெனவே 2004-ல் போயிருந்தது. இப்போது பான்டியாக்கும் கழன்றது.

2014 ஜனவரியில் தலைமைக்கு வந்தவர் மேரி பாரா. பெரிய கார் நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண். அவருடைய அப்பா பான்டியாக் ஆலையில் அச்சு செய்யும் தொழிலாளி. இவரும் 18 வயதில் ஜிஎம்மில் சேர்ந்தவர். சுவிட்ச் விவகாரம் வெடித்தபோது 15 பேரை வெளியேற்றினார். குறைகளை ஊழியர்கள் அஞ்சாமல் சொல்ல வழி செய்தார். நிறுவனம் 90 கோடி டாலர் அபராதம் கட்டியது. திருந்தியதா? 2023 அக்டோபரில், ஜிஎம்முக்குச் சொந்தமான ‘குரூஸ்’ நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சி, சான்ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தள்ளிய பெண்ணைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அரசுக்குக் கொடுத்த முதல் அறிக்கையில் இழுத்துச் சென்றதைச் சொல்லாமல் விட்டார்கள். பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

நமக்கும் ஜிஎம்முக்கும் உறவு பழையது. 1928-லேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றவர்கள். 1990-களில் ஜிஎம் தன் ரேடியேட்டர் மூடிகளை வாங்கியது சென்னையின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸிடம். சிறந்த சப்ளையர் விருதையும் பலமுறை கொடுத்தது. ஆனால் இங்கே ஜிஎம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாணத்துக்கும் கோவில் பயணத்துக்கும் வாடகைக்குப் பிடித்த டவேராதான். அந்த வண்டி வெளிவிடும் புகை அனுமதித்த அளவில் இருப்பதாகக் காட்ட, சோதனைக்குப் போகும் வண்டிகளில் தேர்ந்தெடுத்த இன்ஜின்களைப் பொருத்தி ஊழியர்கள் ஏமாற்றியிருந்தார்கள். 2013-ல் ஜிஎம்மே இதை அரசிடம் ஒப்புக்கொண்டு, 2005 முதல் செய்த 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. ஃபோக்ஸ்வேகனின் புகை மோசடி உலகத்தை உலுக்கியது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். ஜிஎம் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. புனே அருகே தலேகாவில் இருந்த அதன் ஆலையை வாங்கியது, ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்யும் ஹூண்டாய்.

டவேரா காலத்தில் நம் நாட்டில் வண்டியைத் திரும்ப அழைப்பது நிறுவனத்தின் விருப்பம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. உங்களிடம் எந்த நிறுவனத்தின் கார் இருந்தாலும் சரி, அடுத்த சர்வீஸுக்கு விடும்போது சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கார் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.