சிறகுகளுக்கு ஒரு சென்ட் – 9: கிளுவை வேலி

நிலம் வாங்குகிறவர்கள் பலர் முதல் வேலையாகப் பொக்லைனைக் கூப்பிட்டு வேலியைப் பிடுங்குகிறார்கள். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துக் கட்டியான பிறகு, "குருவி வர என்ன மரம் வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். பிடுங்கி எறிந்ததையே திரும்ப வையுங்கள் என்பதுதான் என் பதில்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் மாடு. சுற்றிலும் முள் நெருங்கிய கிளுவை. காக்கை எளிதில் நுழைய முடியாத அந்த நெரிசலுக்குள் கொண்டைக்குருவி கூடு வைக்கிறது. தவிட்டுக்குருவிகள் அடியில் சருகைக் கிளறுகின்றன. ஆள் அரவம் கேட்டால் கௌதாரி ஓடி ஒளிவதும் அங்கேதான். கம்பிவேலியில் கரிச்சான் உட்காரும், அவ்வளவுதான்.

கிளுவை இருந்தால் கோவைக்கொடி தானாக ஏறிவிடும். பழுத்த கோவையைக் கொண்டைக்குருவி ஒரு பக்கமாகக் கொத்தித் திறந்து, செக்கச்சிவந்த சதையை விதையோடு தோண்டித் தின்னும். வெறும் தோல் மட்டும் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும். குயிலும் இதே கொண்டைக்குருவியும் சந்தனப் பழத்தைத் தின்று விதையை வேலிக்குள் போட்டுவிட்டுப் போகும். சந்தனம் பக்கத்துச் செடிகளின் வேரில் உறிஞ்சி வளர்கிற மரம். வேலிக்குள் விழுந்த விதைக்கு அந்த வேர் அருகிலேயே கிடைக்கிறது. யாரும் நடாத சந்தனக் கன்று வேலியோரத்தில் நிற்பது இப்படித்தான்.

பழத்துக்கு மட்டும்தான் பறவை வருமென்றால் உண்ணிச்செடியே போதுமே! அதன் விதையையும் பறவைகளே பரப்பிக் காட்டை நாசமாக்கிவிட்டன. குஞ்சு வளரப் புழு வேண்டும். தானியம் தின்னும் தூக்கணாங்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. அமெரிக்கப் பூச்சியியல் பேராசிரியர் டக் டல்லமி சொல்லும் கணக்கு மலைக்க வைக்கும்: அங்குள்ள சிக்கடி என்ற சின்னக் குருவி, ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடிக்கிறதாம். நம் ஆவாரை இலையில் பட்டாம்பூச்சிப் புழு இருக்கும். "பூச்சியே வராது" என்று நர்சரியில் விற்கும் அலங்காரச் செடியில் குருவிக்கு என்ன இருக்கிறது?

புதிதாக வேலி வைப்பவர்கள் முற்றிய கிளுவைக் கிளையைப் போத்தாக வெட்டி, மழை பிடிக்கும் சமயத்தில் நெருக்கமாக ஊன்றுங்கள். இடையிடையே ஆவாரை, சூரை. மற்றதைப் பறவைகளே கொண்டுவரும்.

பழைய வேலி வைத்திருப்பவர்கள் முழுதையும் ஒரே வருஷத்தில் கழிக்காதீர்கள். அரிவாள் வைக்குமுன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை மட்டும் தள்ளிப் போடுங்கள். கொண்டைக்குருவி முட்டையிட்டுக் குஞ்சு பறந்து போக ஒரு மாதம்தான் ஆகும்.

(தொடரும்)