யார் கையில் மவுஸ்?

அரசுப் பள்ளிப் பாடநூலைப் புரட்டினால் பாடத்தின் ஓரத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு சிறு கட்டம் இருக்கும். கியூஆர் கோடு என்கிறோம். கைபேசியைக் காட்டினால் பாடத்துக்கான காணொலி திறக்கும். தமிழ்நாட்டில் 2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது இந்தக் கட்டமும் நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. பாடநூலுக்குள் இதைக் கொண்டுவர முடியும் என்று அதற்கு முன்பே செய்து காட்டியவர் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்.

அவர் பெயர் ரஞ்சித்சிங் டிசாலே. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்னும் ஊர். 2009-ல் அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் ஒரு பக்கம் மாட்டுத்தொழுவம், மறுபக்கம் கிடங்கு என்று இடிந்த நிலையில் இருந்தது. படித்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடிச் சிறுமிகள். வீட்டில் பேசுவது கன்னடம். புத்தகமோ வேறு மொழியில். புரியாத புத்தகத்துக்காக யார் பள்ளிக்கு வருவார்கள்? பெண் குழந்தைகளின் வருகை சில நேரங்களில் நூற்றுக்கு இரண்டாகக்கூட இருந்தது.

டிசாலே பிள்ளைகளின் மொழியைக் கற்றார். புத்தகத்தை அந்த மொழிக்கு மாற்றினார். பாட்டையும் கதையையும் விளக்கத்தையும் ஒலியாகவும் காணொலியாகவும் பதிந்து இணையத்தில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தை உருவாக்கிப் புத்தகத்தில் சேர்த்தார். 2017-ல் மகாராஷ்டிர அரசு எல்லா வகுப்புப் பாடநூல்களுக்கும் இந்த முறையை எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது கருவியை அல்ல. ‘இந்தப் புத்தகத்தில் என் பிள்ளைகள் இல்லையே’ என்று அவர் கண்டுகொண்டதுதான் முதல் பாடம். கணினி அதற்குப் பிறகுதான் வந்தது.

இனி நம் தாமிரபரணிக் கரைக்கு வருவோம். இங்கே பிள்ளைகளுக்கு டிஜிட்டல் வடிவமைப்பு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோயில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் ஃபிளெக்ஸ் அடிக்கக் கைபேசியிலேயே படம் வெட்டி ஒட்டும் பையன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சாதித் தலைவர் படம், சாதிக் கொடியின் நிறம், பின்னணியில் ஒரு பாட்டு, கையில் ஓர் அரிவாள் என்று முப்பது விநாடி ஸ்டேட்டஸ் போடவும் தெரிகிறது. வகுப்பறையில் யாரும் கற்றுக்கொடுக்காத கலையை வெளியில் சாதி கற்றுக்கொடுத்திருக்கிறது.

அதன் முடிவு எங்கே போகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது. மாணவர்களை அகரவரிசைப்படி அமர வைக்க வேண்டும். பள்ளி வளாகத்தில் மாணவர்களுக்குக் கைபேசி கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

கைபேசியை வாசலில் நிறுத்தலாம். நாலரை மணிக்கு அது மறுபடி பிள்ளையின் கைக்கு வந்துவிடும். அதனால்தான் ஆசிரியர் வடிவமைப்பும் இணையக் கருவிகளும் கற்றுக்கொள்வது ஆடம்பரம் இல்லை என்கிறோம். சாதி ஓட்டும் சுவரொட்டிக்கு எதிரே வைக்க வேறு ஒரு படம் வேண்டும். அந்தப் படத்தைச் செய்யத் தெரிந்தவர் வகுப்பறைக்குள் இருக்க வேண்டும்.

‘எமிஸில் பதிவேற்றவே நேரம் போதவில்லை’ என்பார்கள் ஆசிரியர்கள். அது நியாயமான குறை. அரசு தீர்க்க வேண்டியது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு பாடம் என்று தொடங்கலாம். கணக்குக்கு ஜியோஜீப்ரா, வினாடி வினாவுக்குக் கூகுள் படிவம், படம் அமைக்க கேன்வா எனப் பணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடியவை பல உண்டு. தேவையான படங்களை விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து எடுக்கலாம். எல்லாவற்றிலும் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது.

கருவி கையில் வந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று, மவுஸ் யார் கையில்? மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்றால், எப்போதும் ஒருவனே மவுஸைப் பிடிப்பான், ஒருத்தி பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். அகரவரிசை கணினி அறைக்கும் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். அந்த அறையைக் கூட்டிப் பெருக்க அனுப்பப்படுவது யார் என்பதையும் தலைமையாசிரியர் பார்க்க வேண்டும்.

இரண்டு, வீட்டில் கைபேசி உண்டா? ழான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஊரடங்குக் காலத்தில் கிராமப்புறத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் 4 விழுக்காடு; மற்ற பிள்ளைகளில் 15 விழுக்காடு. ‘வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்’ என்பதோடு பாடம் முடிந்தால், அது சேரிக்குப் போய்ச் சேராது. வகுப்பிலேயே திரையில் காட்ட வேண்டும். தாளில் அச்செடுத்தும் கொடுக்க வேண்டும்.

மூன்று, படத்தில் யார் இருக்கிறார்கள்? பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆற்றைப் பாடமாக்கினால், அணையும் படித்துறையும் மட்டும் போதாது. அந்தத் தண்ணீரில் நடவு நடுபவர்களும் வர வேண்டும். கூலி கேட்ட மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று இதே ஆற்றில் 17 உயிர்கள் போனதும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பீடி சுற்றும் அம்மாவின் ஒரு நாள் கூலி கணக்குப் பாடத்தில் வரலாம். செங்கல் சூளையின் வெப்பம் அறிவியலில் வரலாம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. மற்றவர்கள் பத்திரிகையில் இடம் இல்லாதபோது 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்தார். அன்றைய புதிய கருவி அச்சு எந்திரம். அதை அவர்கள் அஞ்சவும் இல்லை, வணங்கவும் இல்லை. தங்கள் பக்கத்தைத் தாங்களே அமைத்தார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் நடவுப் பாட்டு தெரிந்த ஆச்சி ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், பாடச் சொல்லிப் பதிந்து ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த பாடத்தின் ஓரத்தில் ஒட்டப்படும் கட்டத்தைத் திறந்தால் அந்தக் குரல் கேட்கட்டும்.